சூசையப்பரின் இடது தோள்

பூசையில் அனைவரும் முழந்தாளிட்டிருந்த வேளையில், சூசையப்பரின் இடது தோளில் ஓர் இலை முளைத்திருப்பதைக் கிளெமென்ற் கண்டார்.

சிறிய இலை, எலியின் காதளவே இருக்கும். ஆயினும் அது பச்சையாக இருந்தது, பளபளத்தது, முந்திய ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்கவில்லை. அவர் ஆண்கள் பக்கத்திலிருந்து பெண்கள் பக்கத்தை நோக்கினார். மனைவி மாக்ரெட் அதை ஏற்கெனவே கண்டுவிட்டாள் என்பது, முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டு, வழக்கத்திலும் உரத்த குரலில் அவள் செபித்த விதத்திலிருந்து தெரிந்தது.

கிறிஸ்து பிறப்புக்காகக் கோயிலில் அமைத்த பாலன் குடிலில் நின்ற அந்தச் சூசையப்பரைச் செய்தவர் கிளெமென்ற்.

இத்தனைக்கும் அவர் சிற்பி அல்லர். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் கிளாக்கர். மாலைதோறும் வெள்ளவத்தைக் கடற்கரையில் உலாவி, அலை ஒதுக்கிய வேர்களையும் கட்டைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, அவற்றுள் ஒளிந்திருக்கும் கொக்கையும் முதலையையும் வெளிப்படுத்துவது அவருடைய பொழுதுபோக்கு. அதற்கென ஒரு கொள்கையும் வைத்திருந்தார். மரம் என்னவாக விரும்புகிறதோ அதையே செதுக்க வேண்டும். உளி இயன்றவரை குறைவாகப் பட வேண்டும். பட்டையை ஒருபோதும் உரிக்கக் கூடாது. மாக்ரெட்டின் கொள்கை இன்னும் சுருக்கமானது: விறகு விறகுதான்.

அவள் பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனைப் பங்குக் கோயிலில், அந்த 1940ஆம் ஆண்டு மழைக்குக் கூரை ஒழுகி, குடிலின் பழைய சாந்துச் சுரூபங்கள் கரைந்துபோயின. புதியவை இத்தாலியிலிருந்து வரவிருந்தன. அதற்குள் இத்தாலி யுத்தத்தில் இறங்கிவிட்டது; அதுவும் எதிர்ப்பக்கத்தில்.

“மன்னற்றை எதிரியளிட்டையிருந்து திருக்குடும்பத்தை இறக்கேலாது,” என்றார் பங்குத்தந்தை பிலேந்திரன் சுவாமியார். “கிளெமென்ற், நீர் கட்டையிலை கொக்குச் செய்யிறீராம். சூசையப்பரும் ஏறக்குறைய நெட்டையான ஆள்தானே?”

கிளெமென்ற் இசைந்தார். தென்னம்பாளையில் இடையர்கள் எழுந்தார்கள். தும்பில் ஆடுகள் திரண்டன. பலாவேர் ஒன்று எருதாவதற்கென்றே பிறந்திருந்தது. அதற்கு இரண்டு கண்களைத் திறந்துவிட்டதோடு அவருடைய வேலை முடிந்தது. உப்பில் வெளுத்த வளைவேர் ஒன்று மாதாவாகக் குனிந்தது. சூசையப்பர் மட்டும் அமையவில்லை. கடற்கரையில் அகப்பட்ட நெடுங்கட்டை ஒன்றை அவருக்கென ஒதுக்கியிருந்தார். சுவாமியாரும் அதைக் ‘கடல் தந்த கட்டை’ என்று பிரசங்கத்தில் புகழ்ந்துவிட்டார். ஆனால் அந்தக் கட்டை பாலனை நோக்கிக் குனிய மறுத்தது. சந்தியில் நிற்கும் பொலிஸ்காரனைப் போல விறைத்து நின்றது. கொள்கையுள்ளவர் அதை வலிந்து வளைக்க இயலாது.

குனிந்த சூசையப்பர் வேறோர் இடத்தில் இருந்தார். காலையில் முகம் வழிக்கும்போதெல்லாம் கிளெமென்ற் சன்னல் வழியாக அவரைப் பார்த்தார். வளைந்த முதுகு, மார்பில் மடித்த கைகளைப் போன்ற இரண்டு கவர்கள், தாடியைப் போன்ற ஒரு கணு. அடுத்த வீட்டுப் பத்மாவதியம்மாளின் வேலியில் நின்ற பூவரசங்கதியால் அது.

அந்த வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வீடுகளும் ஸாலிஹ் முதலாளிக்குச் சொந்தமானவை. இரண்டிலும் வாடகைக் குடியிருப்பு. நடுவில் இருந்த தகர மறைப்பைப் பத்மாவதியம்மாள் அகற்றிவிட்டு, யாழ்ப்பாணத்தில் தம் தகப்பனார் வளவில் வெட்டிய பூவரசந்தடிகளை றெயிலில் கொண்டுவந்து கதியால்களாக நட்டு, ஊர்வழக்கப்படி உயிர்வேலி அமைத்திருந்தார். மழைக்காலந்தோறும் அந்த வேலி தம் பக்கம் ஒரு சாண் நடந்துவருகிறது என்பது கிளெமென்ற்றின் வாதம். நடப்பது வேலி அன்று, கிளெமென்ற்றின் புத்தி என்பது அம்மாளின் வாதம். இருவரும் கதைப்பதை நிறுத்தி ஓராண்டாகிவிட்டது. நிறுத்தவைத்தவர் ஸாலிஹ் முதலாளி.

“இங்க பாருங்க மிஸ்டர் கிளெமென்ற், அந்த அம்மாவுக்கும் இதத்தான் சொல்லீக்கிறேன்,” என்றார் அவர். “ஒங்கட வேலிப் பஞ்சாயத்துக்கு வெள்ளவத்தைக்கு நடக்க எனக்கு ஏலாது. இனி வேலில கை வெச்சது யாரோ, அவங்க ஊட்டக் காலி பண்ணணும். ஊடு கேட்டு நாளாந்தம் ஆள் வந்துட்டுத்தான் ஈக்கிது.”

இதை நன்கறிந்தும், பத்மாவதியம்மாள் கோவிலுக்குப் போயிருந்த ஒரு மார்கழி விடியலில், கிளெமென்ற் மரம் அறுக்கும் வாளும் கையுமாக வேலியை அணுகினார். கலைஞனின் மனச்சாட்சி, குடியிருப்பவனின் மனச்சாட்சியைக் காட்டிலும் அதிகாலையில் எழுந்துவிடும். கதியாலை அடியோடு அறுத்தெடுத்தார். இடைவெளியில், விறைத்து நின்ற கடற்கட்டையை ஊன்றினார். சுவாமியாரிடம் மாற்றத்தைச் சொல்லவில்லை. கடல் தந்த கட்டை என்று பிரசங்கம் முடிந்திருந்தது. பிரசங்கத்தைத் திருத்துவது ஒரு கிளாக்கரின் வேலை அன்று.

சூசையப்பர் தாமாக நிற்கவில்லை. ஆகவே ஈரமணல் நிரப்பிய மண்ணெண்ணெய்த் தகரத்தில் அவரை ஊன்றி, தகரத்தை வைக்கோலால் மறைத்தார். குடிலின் முன்னே புல்வெளிக்காக விதைத்த நெல்லுக்கு நாள்தோறும் தண்ணீர் தெளிக்கப்பட்டது. பட்டை உரிக்கப்படாத பச்சைத் தடி, ஈரமணல், மார்கழி மழை. என்ன நடக்கும் என்பதை யாழ்ப்பாணத்தில் ஒரு வேலியைக் கடந்து நடந்தவர் எவரும் சொல்லிவிடுவார். கிளெமென்ற்றோ அழகைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார்.

இப்போது இலை வந்துவிட்டது.

பூசை முடிந்ததும் குடிலை அணுகி, செபிப்பவரைப் போலக் குனிந்து, அதைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“என்னங்கண்ணே கிள்ளுறீங்க?”

பின்னால் நேசம் நின்றாள். பீடத்துக்குப் பூ வைப்பதும் கோயிலைக் கூட்டுவதும் குடிலின் நெல்லுக்குத் தண்ணீர் தெளிப்பதும் அவள் பொறுப்பு. அவளுக்குத் தெரியாமல் அங்கே ஒரு மெழுகுவர்த்தியும் அணைந்ததில்லை.

“தூசி,” என்றார் கிளெமென்ற்.

“பச்சைத் தூசியா?”

“கொட்டாஞ்சேனையிலை எல்லா நிறத்திலையும் தூசி இருக்கு, நேசம்.”

தளிரைக் கிள்ளினால் அவ்விடத்தில் இரண்டு வெடிக்கும். இது கிளெமென்ற்றுக்குத் தெரியாதது அன்று. புதன்கிழமை வேலைக்குப் போகுமுன் கோயிலுக்குள் எட்டிப்பார்த்து, இரண்டு தளிர்களைக் கண்டபோதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டையும் கிள்ளினார். வெள்ளிக்கிழமை நான்கு நின்றன. வலது தோளும் வேலையைத் தொடங்கியிருந்தது.

அன்று மாலை அவர் வீட்டுக்குள் கொக்குகளுக்கும் முதலைகளுக்கும் நடுவே மேலும் கீழும் நடந்தார்.

“சுவாமியாரிட்டைச் சொல்லிப்போடுங்கோ,” என்றாள் மாக்ரெட்.

“சொன்னால் அவர் பிரசங்கத்திலை சொல்லுவார். பிரசங்கத்திலை சொன்னால் ஊர் முழுக்கத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சால் முதலாளிக்குத் தெரியும். பிறகு இதுகளையெல்லாம் கட்டிக்கொண்டு எங்கை போறது?”

“இதுகளைக் கட்ட வேண்டாம், அடுப்பு மூட்டலாம். உங்களை எங்கை கொண்டுபோறதெண்டதுதான் என்ர யோசினை.”

“பகிடி விடாதையும், மாக்ரெட். வீடு போகப்போகுது.”

மாக்ரெட் அலுமாரியைத் திறந்து தன் ஊதாச் சால்வையை எடுத்தாள். “அப்ப மூடிவிடுங்கோ. கிள்ளக் கிள்ள வளருமெண்டால், வெளிச்சம் படாமல் விட்டுப் பாப்பம்.”

மறுநாள் சூசையப்பரின் தோள்களில் சால்வை விழுந்தது. அதைக் கண்ட நேசம், மார்கழிக் குளிரில் சூசையப்பர் நடுங்குகிறார் என்று முடிவு செய்து, அதைத் தன்னுள் வைத்துக்கொள்ள இயலாமல் நால்வருக்குச் சொன்னாள். கொச்சிக்கடையிலிருந்து ஒரு கம்பளி வந்தது. மட்டக்குளியிலிருந்து மீன்காரப் பெண்ணொருத்தி, கணவன் கடலுக்குக் கட்டிப்போகும் தலைத்துணியைத் துவைத்துக் கொண்டுவந்தாள். துணிகளுக்கு அடியில், இருட்டில், எவரும் கிள்ளாமல், தளிர்கள் தங்கள் விருப்பம்போல நீண்டன. தோள்கள் நாளுக்கு நாள் உயர்ந்தன. பாலன் பிறந்த நத்தாரன்று காலை, சூசையப்பர் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமியைப் போல நின்றார்.

பூசைக்கு முன்பு குடிலுக்குத் தூபங்காட்ட வந்த சுவாமியார் அவர் முன்னே தயங்கினார்.

“இதென்ன, சூசையப்பருக்குச் சளிக்காய்ச்சலோ?”

“வேண்டாம் சுவாமி, இருக்கட்டும்!” என்று கிளெமென்ற் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார். ஆனால் சுவாமியார் கம்பளியை இழுத்துவிட்டார். தலைத்துணியும் சால்வையும் கூடவே வந்தன.

அடக்கி வைத்திருந்த தழை முழுவதும் ஒருங்கே வெளியே பாய்ந்தது.

“சாமி!” என்று அலறினாள் நேசம். “தளிர்த்திருக்கு, சாமி!”

சுவாமியார் தூபக்கலத்தோடு முழந்தாளில் விழுந்தார். சூசையப்பர் கையிலுள்ள கோல் பூத்திருப்பதைப் படங்களில் எல்லாரும் கண்டிருக்கிறார்கள். சூசையப்பரே தளிர்த்ததை எவரும் கண்டதில்லை.

“கடலிலை செத்துக் கிடந்த கட்டை!” என்றார் சுவாமியார்.

அருகே வந்துவிட்ட கிளெமென்ற், “செத்ததெண்டு நிச்சயமாய்ச் சொல்லேலாது, சுவாமி,” என்றார்.

“மாசக்கணக்காய் உப்புத் தண்ணியிலை ஊறின கட்டையெண்டு நீர்தானே சொன்னீர்?”

“ஓம்... சொன்னனான்.”

“தாழ்மை, கிளெமென்ற். தாழ்மை நல்ல குணம். ஆனால் சாட்சிக்கு உதவாது.”

புதுவருடத்துக்குள் கொட்டாஞ்சேனைக்கு வந்த பஸ்களில் நிற்க இடமில்லாமற்போயிற்று. பிள்ளைவரம் வேண்டியவர்களும் மலேரியாக் காய்ச்சலில் கிடந்தவர்களின் உறவினரும் வரிசையில் நின்றார்கள். கிளெமென்ற் வேலைக்கு முன்னும் பின்னும் அங்கே ஓடுவார், நின்று பார்ப்பார், பயனில்லை என்று கண்டு ஓடிவிடுவார். அவருடைய அமைதியின்மையையும் மக்கள் பக்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். இருவர் அவருடைய கையைத் தொட்டு முத்தமிட்டார்கள். உளி பிடித்த கையை விட்டு, வாள் பிடித்த கையை.

ஈரந்தான் காரணம் என்று கண்டு அவர் நேசத்தைத் தனியே அழைத்தார்.

“நெல்லுக்குத் தண்ணி தெளிக்கிறதை நிப்பாட்டும். கட்டை உளுத்துப்போம்.”

“அப்ப பெத்லகேம் காஞ்சி போயிடுமே, அண்ணே.”

“பெத்லகேம் காயுற இடந்தான்.”

நேசம் நிறுத்தினாள். நெல் மஞ்சளாகி, பழுப்பாகி, தும்பாடுகளின் காலடியில் சாய்ந்தது. சூசையப்பர் மட்டும் மேலும் இரண்டு கிளைகளை விட்டார்.

கிளெமென்ற்றுக்கு முதன்முறையாக ஓர் ஐயம் எழுந்தது. தண்ணீர் இல்லாமல் தளிர்க்கும் கதியாலை அவர் கண்டதில்லை. ஒருவேளை, சுவாமியார் சொல்வது சரியாக இருந்தால்? வேலியில் வெட்டியதையும் பரலோகம் ஏற்றுக்கொள்ளுமா? இந்தக் கேள்வியோடு அவர் கோயிற் கதவைக் கடந்தபோது, எதிரே கண்ட காட்சி அவரைத் தூணுக்குப் பின்னால் தள்ளியது.

குடிலின் முன்னே பத்மாவதியம்மாள் மண்டியிட்டிருந்தார். நெற்றியில் திருநீறு, கையில் செம்பு, காலடியில் ஒரு தட்டு நிறையச் செவ்வரத்தம்பூ. தலையை மணல்வரை தாழ்த்தி நெடுநேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து, சூசையப்பரை அடிமுதல் முடிவரை ஒருமுறை பார்த்து, பெருமூச்சுவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

“யாருன்னு பாத்தீங்களா, அண்ணே?” என்றாள் நேசம். “வெள்ளவத்தை அம்மா. மார்கழி முழுக்க இங்க சிவன் கோயிலுக்கு வர்றாங்களாம். போற வழியில நம்மகிட்டயும் வந்துட்டுப் போறாங்க. ஒருநாள் தவறுறதில்ல. இலை வர்றதுக்கு முந்தியே வரத் தொடங்கிட்டாங்கன்னா பாத்துக்கங்களேன்! அவங்களுக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கு.”

“என்ன தெரிஞ்சிருக்கு?” என்றார் கிளெமென்ற், தூணைப் பற்றிக்கொண்டு.

“அருள்தான். வேற என்ன?”

சுவாமியாரும் அதையே சொன்னார். “சைவப் பெண்பிள்ளை. பூவும் நீரும் வைச்சுக் கும்பிடுறது அவையின்ர முறை; நான் தடுக்கேல்லை. அந்த விசுவாசத்திலை அரைவாசி எங்கட ஆக்களுக்கு இருந்தால் காணும்.”

கிளெமென்ற் அன்றிரவு மாக்ரெட்டிடம் சொன்னதில் பயமும் ஆறுதலும் சரிபாதி கலந்திருந்தன. தம் சொந்தக் கதியாலையே பத்மாவதியக்கா அடையாளம் காணவில்லை. கலை அவ்வளவு திறமையாக அமைந்துவிட்டது.

“கலையோ, கண்ணோ?” என்றாள் மாக்ரெட். “அந்த மனுசி இருட்டிலையும் ஊசியிலை நூல் கோக்கும்.”

அடுத்த நாள், அழைக்காமலே ஸாலிஹ் முதலாளி வந்துசேர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“நம்ம ஊட்டுல ஈக்கிற ஆள் செஞ்ச செலைல எலை வந்தீக்காமே! புறக்கோட்டை முழுக்க இதே பேச்சு. சுவாமியார் எனக்கும் அழைப்பு அனுப்பீக்கிறாரு. நல்ல ஆளப்பா நீங்க! ஒரு வார்த்தை சொல்லல்லியே?” என்று கொல்லைப்புறம்வரை நடந்தவர், வேலியைக் கண்டதும் நின்றார். “இது என்ன? எல்லாம் பச்சையா ஈக்கிது. இது ஒண்டு மட்டும் மையத்து மாதிரி நிக்கிது?”

கடற்கட்டை, தழைத்த கதியால்களுக்கு நடுவே, பிணம்போல வெளிறி விறைத்து நின்றது.

“வெயில், முதலாளி,” என்றார் கிளெமென்ற்.

“மழை ஊத்துற மாசத்துல என்ன வெயில்?”

வேலிக்கு அப்பாலிருந்து பத்மாவதியம்மாளின் குரல் வந்தது.

“அது பிந்தித் தளிர்க்கிற சாதி, முதலாளி. ஊரிலையும் ஒண்டு ரண்டு உப்பிடித்தான் நிக்கும். நான் பாத்துக்கொள்ளுறன்.”

முதலாளி தலையசைத்துவிட்டுப் போனார். கிளெமென்ற் வேலியோரமே நின்று கணக்குப் போட்டார். வேலியில் நிற்பது எது, கோயிலில் நிற்பது எது என்று அந்த அம்மாளுக்குத் தெரியவே இல்லை! ஆயினும், கடற்கட்டை தளிர்க்கும்வரை அவர் எவ்வளவு காலம் காத்திருப்பார்? அதற்கு முன்பு கோயிலிலுள்ள கதியால் பட்டுப்போக வேண்டும். பட்டுப்போன மரத்தை எவரும் விசாரிக்க மாட்டார்கள்.

மறுநாள் மதிய இடைவேளையில், சோடாப்போத்தல் நிறையக் கடல்நீரோடு கிளெமென்ற் கோயிலுக்குள் நுழைந்து, அதைத் தகரத்தில் கவிழ்த்தார்.

“போத்தல்ல என்னங்கண்ணே?” என்றாள் நேசம், இடையர்களுக்குப் பின்னாலிருந்து எழுந்து.

“தண்ணி. வெள்ளவத்தைக் கடற்தண்ணி.”

நேசத்தின் கண்கள் கலங்கின. “கடல்ல வந்தவருக்குக் கடல் தண்ணி! ஊர்த் தண்ணியைத் தெளிக்காதேன்னு நீங்க சொன்னது இதுக்குத்தானா?”

இதனால் இரண்டு விளைவுகள் ஏற்பட்டன. மற்றவர்களும் கடல்நீர் ஊற்ற வந்துவிடாதபடி, மாலைக்குள் குடிலைச் சுற்றிக் கயிறு கட்டப்பட்டது. கிளெமென்ற் உட்பட எவரும் இனிக் கிட்டப் போகக் கூடாது, சைவ அம்மாள் மட்டும் விருந்தாளி என்பதால் போகலாம் என்று சுவாமியார் கட்டளையிட்டார். மற்றது, பூவரசு கடலோரத்து மரம் என்பதும், உப்புநீரை அது பொருட்படுத்தாது என்பதும், வெறும் போத்தலோடு பஸ்ஸில் ஏறியபோது கிளெமென்ற்றின் நினைவுக்கு வந்தன.

பாலனைக் காண வந்த மூவிராசாக்களின் திருநாளன்று மேலிடத்திலிருந்து ஒரு குருவானவர் விசாரணைக்கு வருவார் என்று அறிவிக்கப்பட்டது. சிற்பி வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்து, அந்தக் கட்டை எங்கிருந்து வந்தது என்று சபை முன்னிலையில் சொல்ல வேண்டும். அதன்பின் சூசையப்பர் கண்ணாடிப் பெட்டிக்குள் போவார்.

“இனி என்ன செய்யப்போறியள்?” என்றாள் மாக்ரெட்.

“பொய்ச் சத்தியம் செய்தால் ஆத்துமம் போகும். உண்மையைச் சொன்னால் வீடு போகும்.”

மாக்ரெட் முதன்முறையாகப் பகிடியின்றி, “வாடகை வீடுதானே,” என்றாள். அடுப்படிக்குப் போய், தன் தாயார் கொடுத்த வெண்கலக் குத்துவிளக்கைப் பழைய சேலையொன்றில் சுற்றி வைத்தாள்.

திருநாளன்று கோயில் வாசலுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். முன்வரிசையில் ஸாலிஹ் முதலாளிக்கு ஒரு கதிரை போடப்பட்டிருந்தது. அவர் புதுத் தொப்பியோடு அமர்ந்து, அக்கம்பக்கத்தாரிடம் “நம்ம ஊட்டு ஆளுதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்மாவதியம்மாள் செம்போடு தூணருகே நின்றார். மேலிடத்துக் குருவானவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்தார். சூசையப்பர், இலைகளுக்கு நடுவே தாடி மட்டும் தெரிய, குனிந்து நின்றார்.

கிளெமென்ற் வேதப்புத்தகத்தின்மேல் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

“சொல்லும், கிளெமென்ற்,” என்றார் பிலேந்திரன் சுவாமியார். “கடலிலை எந்த இடத்திலை கண்டெடுத்தனீர்?”

“கடலிலை இல்லை, சுவாமி.”

“அப்ப கரையிலையோ?”

“வேலியிலை.” கிளெமென்ற் கண்களை மூடிக்கொண்டார். “பத்மாவதியக்கான்ர வேலியிலை நிண்ட பூவரசங்கதியால். நான்தான் வெட்டினனான். கடற்கட்டை இப்ப அந்த வேலியிலை நிக்குது.”

முதலில் பேசியவள் நேசம்.

“அப்ப அன்னைக்குத் தூசின்னீங்களே?”

“இலை.”

ஸாலிஹ் முதலாளி கதிரையை விட்டு எழுந்தார். “மிஸ்டர் கிளெமென்ற்! நான் ஒங்களுக்கு என்ன சொன்னேன்? இந்த வேலில கை வெச்சா...”

“இருங்கோ, முதலாளி,” என்றது தூணருகே ஒரு குரல். பத்மாவதியம்மாள் முன்னே வந்தார். “உந்தத் தடியை வெட்டச் சொன்னது நான்.”

கிளெமென்ற் கண்களைத் திறந்தார்.

“கோயிலுக்கு ஒரு தடி வேணுமெண்டு தம்பி கேட்டவர். கொண்டுபோம் எண்டு குடுத்தனான். என்ர வேலி, என்ர தடி. அதுக்கு ஏன் அந்தாளை வீட்டை விட்டு எழுப்புறியள்?”

“நீங்களே குடுத்தீங்களா, அம்மா?”

“ஓம்.”

முதலாளி கிளெமென்ற்றைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். “சண்டை இல்லாட்டி எனக்கு என்ன? எல்லா வேலியையும் வேணுமெண்டா கோயிலுக்குக் குடுங்க.”

மேலிடத்துக் குருவானவர் பேனாவை மூடிவிட்டுத் தேநீர் உண்டா என்று வினவினார். பிலேந்திரன் சுவாமியார் வெகுநேரம் சூசையப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சோர்ந்துவிட்டார் என்றே அனைவரும் எண்ணினார்கள். ஆனால், ஒரு பிரசங்கம் போனால் இன்னொன்றைக் கண்டெடுக்க அறிந்தவர் அவர்.

“பிள்ளையளே,” என்றார். “தடி தளிர்த்தது புதுமை இல்லை. வேலிச்சண்டையிலை ஒரு வருசமாய் முகம் பாராத ரண்டு பேர், அதுவும் ரண்டு சமயத்தவர், இண்டைக்கு எங்களுக்கு முன்னாலை ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திச்சினமே, அதுதான் ஆண்டவர் செய்த புதுமை. இந்தத் தாய் ஒவ்வொரு நாளும் இஞ்சை வந்து சிந்தின அன்பு, அந்தத் தடியிலை தளிர்த்ததோ, இந்த மனுசன்ர மனதிலை தளிர்த்ததோ?”

நேசம் விம்மினாள். மீன்காரப் பெண், கம்பளிக்குரியவள், ஏன், மாக்ரெட்டும்கூட, முக்காட்டால் கண்களைத் துடைத்தார்கள்.

வெளியே, மர நிழலில், வெறுஞ்செம்பைக் கையில் தொங்கவிட்டபடி பத்மாவதியம்மாள் பஸ்ஸுக்குக் காத்துநின்றார். கிளெமென்ற் அவரை நோக்கி ஓடினார்.

“அக்கா, நான் உங்களுக்கு எப்பிடி...”

“அதை விடும். நீர் எழும்பிப் போனால், ஆடு வளர்க்கிற ஆராவது அந்த வீட்டுக்கு வருவினம். பூவரசங்குழையை ஆடு விடுமோ?”

தாழ்மை, என்று கிளெமென்ற் எண்ணிக்கொண்டார்.

“நாளைக்குக் குடிலைப் பிரிக்கேக்கை, உந்தத் தடியைத் தகரத்தோடை, மணலோடை, அப்பிடியே றிக்‌ஷாவிலை ஏத்திக் கொண்டுவாரும். ஒரு வேர் அறப்படாது. அந்தச் செத்த கட்டையைப் பிடுங்கி எறிஞ்சுபோட்டு, உங்கட பக்கம் ஒரு முழம் தள்ளி நடும்.”

“ஒரு முழம் என்னக்கா, ரண்டு முழமெண்டாலும் தள்ளுவம்!” என்றார் கிளெமென்ற். “ஒரு சாணுக்காக உங்களோடை சண்டை பிடிச்ச நான் மனுசனோ? நீங்கள் சைவம். எண்டாலும், வெள்ளவத்தையிலையிருந்து செம்பும் பூவுமாய் ஒரு நாள் தவறாமல் வந்து, எங்கட சூசையப்பரிலை இவ்வளவு பக்தி வைச்சு...”

பத்மாவதியம்மாள் அவரை அடிமுதல் முடிவரை ஒருமுறை பார்த்தார்.

“பக்தியோ? என்ன விசர்க்கதை கதைக்கிறீர், தம்பி! நட்ட கதியாலுக்கு வேர் பிடிக்குமட்டும் ஆராவது தண்ணி ஊத்தத்தானே வேணும்?”